சாம்ப்ரானோ விவாதமும் பேஸ்பால் ரெஃபரன்ஸும்: ஒரு பயனரின் மதிப்புரை

ஒரு புள்ளிவிவரத் தளம் நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைவிட, எளிதில் தீராத ஒரு பழைய சண்டையை அதனிடம் கொண்டுபோய் வைப்பதே சரியான சோதனை என்பது என் எண்ணம். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தைப் பல ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்திவரும் நான் அதை மதிப்பிட எடுத்துக்கொண்ட சண்டை, கார்லோஸ் சாம்ப்ரானோவைப் பற்றியது. சிகாகோ கப்ஸ் அணியின் அந்த வெனிசுவேலா பிட்சர் (பந்து வீசுபவர்), 2011 ஆகஸ்ட் 12 வெள்ளிக்கிழமை இரவு அட்லாண்டாவில் ஐந்து ஹோம் ரன்களை (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டங்களை) விட்டுக்கொடுத்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் அட்லாண்டா பேட்டர் சிப்பர் ஜோன்ஸின் உடம்பையொட்டி அடுத்தடுத்து இரண்டு பந்துகளை வீசி நடுவரால் வெளியேற்றப்பட்டார். நேரே உடைமாற்றும் அறைக்குப் போய்த் தன் லாக்கரைக் காலி செய்து, ஓய்வு பெறப்போவதாக அங்கிருந்த பணியாளர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 30.

மறுநாளிலிருந்து கப்ஸ் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். தொல்லை விட்டது, சொன்ன சொல்லைக் காப்பாற்றி உண்மையிலேயே ஓய்வு பெறட்டும் என்றது ஒரு கட்சி. அவருடைய கோபம் கற்பூரம் மாதிரி, எரிந்த வேகத்திலேயே அணைந்துவிடும், அணைந்த பிறகு முன்னைவிட நன்றாக வீசுவார் என்றது இன்னொன்று. அடுத்த ஆண்டுக்கென்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட 1 கோடியே 80 லட்சம் டாலரை எவராவது லாக்கரோடு சேர்த்துக் காலி செய்வாரா என்று சிரித்தது மூன்றாவது கட்சி. நான் முதல் கட்சி. கப்ஸ் தோற்ற இரவில் சரியாகச் சாப்பிடாத என் நண்பர் ஒருவர் இரண்டாவது கட்சி. ஆண்டுகள் பல ஓடியும் எங்களுக்குள் இது ஓயவில்லை என்பதால், அண்மையில் ஒரு மாலை இருவரும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்து, தளம் என்ன சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

தளத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிதம் படித்தவரும் பிறகு கல்லூரியில் கணிதம் கற்பித்தவருமான ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது இது. 1871 முதல் அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் ஆடிய ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. பழைய ஆட்டங்களைப் பந்துவாரியாகவும் நிகழ்வுவாரியாகவும் தொகுக்கும் பணியை 1989இல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்னும் தன்னார்வலர் அமைப்பின் உழைப்பு இதன் அடித்தளங்களில் ஒன்று. அந்த நன்றியைத் தளம் மறைப்பதில்லை. பக்கங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, விளம்பரங்கள் உண்டு. முகவரி அமைப்பிலேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது: குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகள், இயற்பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், பிறகு 01 என்ற எண். பழகியவர்கள் தேடல் பெட்டியைத் தொடாமலே வீரரின் பக்கத்துக்குப் போய்விடலாம். என் நண்பர் சாம்ப்ரானோவின் குறியீட்டை வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பதை அன்றுதான் கண்டேன்.

வீரர் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஆண்டுவாரி அட்டவணை. கிரிக்கெட் ஸ்கோர் அட்டைகளோடு வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்க அதிக நேரம் பிடிக்காது. பிட்சரின் வெற்றி, தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டத்துக்கு) சராசரியாக, தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை நீங்கலாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்று சொல்லும் இஆர்ஏ, வீசிய இன்னிங்ஸ், மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றிய ஸ்ட்ரைக் அவுட், பேட்டரை இலவசமாக முதல் நிலைக்கு (பேஸ்) அனுப்பிய வாக் ஆகியவை தெரிந்தால் போதும். 2004இல் 16 வெற்றி, 8 தோல்வி, இஆர்ஏ 2.75. 2006இல் 16 வெற்றி, 210 ஸ்ட்ரைக் அவுட், 115 வாக். லீகிலேயே முதலிடம் பிடித்த எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும் என்பது தளத்தின் வழக்கம். 2006ஆம் ஆண்டு வரிசையில் வெற்றியும் தடித்திருக்கிறது, வாக்கும் தடித்திருக்கிறது. அந்த 16 வெற்றி என்ற முதலிடத்தை அவர் வேறு ஐந்து பேருடன் பகிர்ந்துகொண்டார் என்பது வேறு விஷயம். 2004 வரிசையில் தடித்திருக்கும் எண்களில் ஒன்று, பந்தால் அடிபட்ட பேட்டர்களின் எண்ணிக்கை: 20. நல்லதும் கெட்டதும் ஒரே மையில், ஒரே தடிமனில் அச்சாகியிருப்பது இந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த நேர்மை. ஒரு மனிதனின் இயல்பை விவரிக்க ஒரு பத்தி எழுதுவதைவிட, 2006ஆம் ஆண்டு வரிசையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

விவாதத்துக்குக் காரணமான 2011ஆம் ஆண்டு வரிசைக்கு வந்தால் நிலைமை வேறு. 24 ஆட்டங்கள், 145⅔ இன்னிங்ஸ், 9 வெற்றி, 7 தோல்வி, இஆர்ஏ 4.82, அவ்வளவுதான். கதை தெரியாத ஒருவர் அந்த வரிசையைப் படித்தால், தோளிலோ முழங்கையிலோ வலி வந்து ஆகஸ்டில் உட்கார்ந்துவிட்டார் போலும் என்றே நினைப்பார். அணி அவரை மறுநாளே தகுதியிழந்தோர் பட்டியலில் சேர்த்து 30 நாள் சம்பளமில்லாமல் வெளியே நிறுத்தியதையும், அதன் பிறகும் அந்தப் பருவத்தில் அவரைத் திரும்ப அழைக்காததையும் அந்த வரிசை சொல்லாது. இதைக் குறையென்று நான் எண்ணவில்லை. அட்டவணை என்பது நடந்த ஆட்டங்களின் கணக்கு, நடக்காத ஆட்டங்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஓய்வைப் பற்றிய விவாதம் முழுக்க முழுக்க நடக்காத ஆட்டங்களைப் பற்றியதாகவே இருக்கும் என்பதால், இந்த வரிசையை மட்டும் காட்டி எவரையும் வாயடைக்க முடியாது. நண்பர் அதைத்தான் முதலில் சொன்னார்.

அடுத்து அந்த இரவின் ஆட்ட அட்டையைத் திறந்தோம். தளத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது என்பேன். இறுதிக் கணக்கு அட்லாண்டா 10, சிகாகோ 4. சாம்ப்ரானோவின் பெயருக்கு நேரே 4⅓ இன்னிங்ஸ், 8 ஹிட் (பேட்டர் அடித்துவிட்டு பேஸை அடைந்தவை), 8 ஓட்டம், 5 ஹோம் ரன். கீழே போகப் போக ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரி: எந்த இன்னிங்ஸ், எத்தனை பேர் அவுட், எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார், என்ன நடந்தது, அதனால் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். வீசப்பட்ட பந்துகளும் எழுத்துச் சரமாக அங்கே இருக்கும். விலகிப் போன பந்துக்கு ஓர் எழுத்து, பேட்டர் சும்மா நின்று விட்ட ஸ்ட்ரைக்குக்கு ஓர் எழுத்து, மட்டையை வீசித் தவறியதற்கு ஓர் எழுத்து, மட்டையில் பட்டு ஆடுகளத்துக்குள் வந்ததற்கு ஓர் எழுத்து. இந்தச் சரத்தை விரலால் தொட்டுக்கொண்டே வாசித்தால் ஆட்டத்தை மறுபடி பார்ப்பது போலவே இருக்கும். பேட்டர் எந்தப் பந்தை எதிர்பார்த்து நின்றார், பிட்சர் எந்த இடத்தில் வேறு வழியில்லாமல் நடுவே போட்டார் என்பதெல்லாம் பழகிய கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்.

அன்று அட்லாண்டாவின் டேன் அக்லா, தொடர்ந்து 32ஆவது ஆட்டமாக ஹிட் அடித்திருந்தார். அந்த வரிசை 33இல் நின்றது. அதை நிறுத்தியதும் அதே தொடரின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதே கப்ஸ்தான். இதைக் கவனித்ததும் நண்பர் ஒரு வாதத்தை எடுத்தார்: "வாழ்க்கையிலேயே உச்சகட்ட ஃபார்மில் இருக்கும் ஒரு பேட்டர் அடங்கிய அணியிடம் ஒரு நாள் மாட்டிக்கொண்டதற்கு ஒருவரை ஓய்வு பெறச் சொல்வீர்களா?" வாதம் என்னவோ நியாயம்தான். ஆனால் அடி வாங்கியதற்காக எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. ஆட்டத்தின் நடுவில், இருபத்துநான்கு பேரைக் களத்தில் விட்டுவிட்டுப் போனவரைத் திரும்பச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு ஆட்ட அட்டையில் பதிலைத் தேடினால் கிடைக்காது.

பதில் ஓரளவுக்குக் கிடைத்தது ஆட்டவாரிப் பதிவேட்டில். ஒரு பருவத்தின் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வரியாக இருக்கும் பக்கம் அது. அங்கே ஒரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. ஏதேனும் ஒரு வரியைச் சொடுக்கி, பிறகு இன்னொரு வரியைச் சொடுக்கினால், இடைப்பட்ட ஆட்டங்களின் கூட்டுத்தொகையைத் தளமே போட்டுக் கொடுத்துவிடும். கோபத்துக்கு முன், கோபத்துக்குப் பின் என்று ஒரு பருவத்தைக் கோடு போட்டுப் பிரிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை. சாம்ப்ரானோவின் வாழ்க்கையில் கோடு போட வேண்டிய நாள்கள் நிறைய.

முதலாவது 2007 ஜூன் 1. அன்று அவருடைய 26ஆவது பிறந்த நாள். கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் ஐந்தாவது இன்னிங்ஸில் ஓட்டங்கள் குவிந்ததும், வீரர்கள் அமரும் இடத்தில் தன் பந்துகளைப் பிடிக்கும் சொந்தக் கேட்சர் மைக்கேல் பாரெட்டோடு கைகலந்தார்; பாரெட்டின் உதட்டில் தையல் போட வேண்டியதாயிற்று, மாதம் முடிவதற்குள் பாரெட் சான் டியாகோவுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆட்டத்தோடு சாம்ப்ரானோவின் கணக்கு 5 வெற்றி, 5 தோல்வி. பருவ முடிவில் 18 வெற்றி, 13 தோல்வி. அதாவது சண்டைக்குப் பிறகு 13 வெற்றி, 8 தோல்வி. அந்த ஆண்டு கப்ஸ் தன் பிரிவில் முதலிடமும் பிடித்தது. நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாவது கோடு 2010 ஜூன் 25, ஒயிட் சாக்ஸுக்கு எதிரான ஆட்டம். முதல் இன்னிங்ஸில் ஓட்டங்களைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர், அணியின் முதல் பேஸ் தடுப்பாட்டக்காரர் டெரெக் லீயைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். அணி அவரை இடைநீக்கம் செய்தது. கோபத்தைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்கும் அவர் போனார். அன்றைய கணக்கு 3 வெற்றி, 6 தோல்வி. திரும்பி வந்த வரியையும் பருவத்தின் கடைசி வரியையும் நண்பர் சொடுக்கினார்: 8 வெற்றி, தோல்வியே இல்லை, இஆர்ஏ இரண்டுக்கும் கீழே. ஆண்டின் மொத்தக் கணக்கு 11 வெற்றி, 6 தோல்வி, 3.33 என்று முடிந்தது. அந்தப் பருவத்தின் நடுவில்தான் மேலாளர் லூ பினியெல்லா விடைபெற்று மைக் குவேட் பொறுப்பேற்றார். அப்படிப்பட்ட குழப்பத்திலும் அணியில் ஒழுங்காக வேலை பார்த்தவர் சாம்ப்ரானோதான். கோபம் அவருடைய ஆட்டத்தைக் கெடுத்தது என்று இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்தேன். கூட்டுத்தொகை வந்து நின்ற அந்தச் சாம்பல் நிற வரியைப் பார்த்த பிறகு அதை அப்படியே திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடையில் 2009 மே மாதத்தில், பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டத்தில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் அருகே நடுவரோடு மோதி, பந்தை வெளிக்களத்துக்கு வீசியெறிந்து, உள்ளே போய்ப் பானம் நிரப்பிய பெட்டியை மட்டையால் அடித்து நொறுக்கிய கதையும் உண்டு. அதற்கு ஆறு ஆட்டத் தடை விதித்தார்கள். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் கணக்குப் போட்டதில் எவருக்கும் சாதகமாகச் சொல்ல எதுவும் இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும். வரிகளைச் சொடுக்கிக் கூட்டும் வசதி எவ்வளவு இனிமையோ அவ்வளவு ஆபத்தானது. தொடங்கும் வரியையும் முடியும் வரியையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம்; வேண்டிய விடை வரும்வரை விரலை மேலும் கீழும் நகர்த்தலாம். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒரு பிட்சரின் இஆர்ஏ எப்படி வேண்டுமானாலும் ஆடும். அதனால்தான் இதைப் போன்ற விவாதங்களில், கோட்டை எங்கே போடுவது என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே இருவரும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அப்படியும் நான் தோற்றேன்.

என் கட்சிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது இன்னிங்ஸ் என்ற நெடுவரிசையில். 2003 முதல் 2007 வரை ஐந்து ஆண்டுகளும் 200 இன்னிங்ஸுக்கு மேல்: 214, 209⅔, 223⅓, 214, 216⅓. மொத்தம் 1,077⅓. அடுத்த ஐந்து ஆண்டுகளில், அதாவது 2008 முதல் கடைசிப் பருவமான 2012 வரை, மொத்தம் 765⅔ மட்டுமே. வயது நெடுவரிசை பக்கத்திலேயே இருப்பதால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: 22 முதல் 26 வயதுக்குள் அந்தக் கையை அணி பிழிந்தெடுத்திருக்கிறது. டஸ்டி பேக்கர் மேலாளராக இருந்த காலத்தில் சக பிட்சர்கள் கெர்ரி வுட், மார்க் பிரையர் ஆகியோரின் கைகளைப் பற்றி ரசிகர்கள் அடைந்த கவலை, மூன்றாவதாக நின்ற இந்தப் பெரிய உடம்புக்காரர் மேல் விழவே இல்லை. அவர் உடையாமல் தாங்கினார் என்பதால் தாங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்ற விகிதமோ நேர்கோட்டில் இறங்கவில்லை. 2006இல் 8.8 ஆக இருந்தது 2008இல் 6.2க்கு விழுந்து, 2009, 2010 இரண்டிலும் 8க்கு மேல் ஏறி, 2011இல் மீண்டும் 6.2க்கு வந்தது. வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத கோடு இது. ஆனாலும் 2011 ஆகஸ்டில் லாக்கரைக் காலி செய்தவர், உடம்பு ஏதோ சொல்வதைக் கேட்டுத்தான் அப்படிப் பேசினாரோ என்று யோசிக்க இடமிருக்கிறது. ஓய்வு என்ற சொல் கோபத்தில் வந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். களைப்பில் வந்திருக்குமோ என்று அப்போது எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பணத்தைப் பற்றி மூன்றாவது கட்சி சொன்னதைச் சரிபார்ப்பதும் எளிது. சம்பள விவரம் அதே பக்கத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டது ஐந்தாண்டு ஒப்பந்தம், 9 கோடியே 15 லட்சம் டாலர். மேஜர் லீக் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமுள்ளவை; மோசமாக ஆடினாலும், அணியே நீக்கினாலும் பணம் வந்துசேரும். தானாக ஓய்வு பெற்றால் மட்டும் மிச்சப் பணம் போய்விடும். ஆகவே ஒரு பிட்சர் 'ஓய்வு' என்று வாயைத் திறந்தால் அது ஒரு கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தே திறக்கிறது. 30 நாள் சம்பளமில்லை என்ற தண்டனை மட்டுமே ஏறத்தாழ 30 லட்சம் டாலர். வீரர்கள் சங்கம் அதை எதிர்த்து முறையீடு செய்தது. அதே 2011ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கேன்சஸ் சிட்டி ராயல்ஸின் கில் மெஷ், தோள் வலியால் சரியாக வீச முடியாத நிலையில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க மனமில்லை என்று, ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை விட்டுவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். அந்த நினைவு ரசிகர்களிடம் பச்சையாக இருந்ததால், சாம்ப்ரானோ ஓய்வு என்று சொன்னபோது அதை வெறும் வாய்ச்சவடால் என்று எல்லோராலும் தள்ளிவிட முடியவில்லை. மூன்றாவது கட்சி கடைசியில் வென்றது என்பதையும் அதே பக்கம் காட்டுகிறது. அவர் ஓய்வு பெறவில்லை. 2012 ஜனவரியில் கிறிஸ் வோல்ஸ்டாட் என்ற பிட்சருக்கு மாற்றாக மயாமி மார்லின்ஸுக்குப் போனார். அவருடைய அந்த ஆண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கப்ஸ்தான் கட்டியது.

மாற்றிக்கொண்ட இருவரையும் அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பது ஒரு சிறு இன்பம். 2012இல் மயாமியில் சாம்ப்ரானோ 7 வெற்றி, 10 தோல்வி, 4.49, பருவத்தின் பிற்பகுதியில் தொடக்க பிட்சர் இடத்திலிருந்தும் இறக்கப்பட்டார். சிகாகோவில் வோல்ஸ்டாட் 3 வெற்றி, 12 தோல்வி, 6.31. இதைப் படித்ததும் நண்பர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வீரரின் மொத்த மதிப்பை ஒற்றை எண்ணில் சொல்லும் வார் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தத் தளம் பிட்சர் உண்மையில் விட்டுக்கொடுத்த ஓட்டங்களிலிருந்து தொடங்கி, அவருக்குப் பின்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்களின் தரத்தைக் கழித்துக் கணக்கிடுகிறது. இன்னொரு புள்ளிவிவரத் தளமான ஃபேன்கிராஃப்ஸோ ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. வாக் அதிகம் கொடுத்தும் ஓட்டம் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டே வந்த சாம்ப்ரானோ போன்றவர்களுக்கு முதல் முறையில் மதிப்பு கூடும், இரண்டாவதில் குறையும். விவாதத்தில் ஒருவர் ஒரு தளத்தின் எண்ணையும் மற்றவர் மற்றதன் எண்ணையும் சொன்னால் விடியும்வரை பேசலாம்.

பிட்சிங் அட்டவணைக்குக் கீழே அவருடைய பேட்டிங் அட்டவணையும் இருக்கிறது. இதை எவரும் தவறவிடக் கூடாது. இரு பக்கமும் நின்று அடிக்கத் தெரிந்தவர், 24 ஹோம் ரன், சராசரி .238, சிறந்த பேட்டிங்குக்காகப் பிட்சர்களுக்குத் தரப்பட்ட சில்வர் ஸ்லக்கர் விருது மூன்று முறை. 2006இல் மட்டும் ஆறு ஹோம் ரன். 2022 முதல் இரு லீகுகளிலும் பிட்சர்கள் மட்டை பிடிக்கத் தேவையில்லை என்று விதி வந்துவிட்டதால், இப்படியோர் அட்டவணை இனி வேறு பிட்சர்களின் பக்கத்தில் வளரப்போவதில்லை. பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஒஹ்தானி தனி உலகம். கோபத்தில் மட்டையை முழங்காலில் வைத்து முறித்தவர் என்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள், அதே மட்டையால் அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்கட்டும்.

2008 செப்டம்பர் 14ஆம் நாளின் ஆட்ட அட்டை ஹிட்டே கொடுக்காத ஆட்டத்துடையது. ஐக் புயலால் ஹியூஸ்டனில் ஆட முடியாமல் மில்வாக்கிக்கு மாற்றப்பட்ட அந்த ஆட்டத்தில் 110 பந்துகள், 10 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு வாக், பந்தால் அடிபட்டவர் ஒருவர், 5–0 வெற்றி. 1972இல் மில்ட் பாப்பாஸுக்குப் பிறகு கப்ஸ் பிட்சர் ஒருவர் இதைச் செய்தது அதுவே முதல் முறை. அந்த அட்டையையும் அட்லாண்டா அட்டையையும் இரண்டு சாளரங்களில் அருகருகே வைத்துப் பார்த்தோம். இடையில் மூன்றாண்டுகூட இல்லை.

தளத்தில் ஆண்டுவாரியாகப் புகழரங்க வாக்கெடுப்புப் பக்கங்களும் உண்டு. 2018ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தால், முதல் முயற்சியிலேயே 97 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்று சிப்பர் ஜோன்ஸ் உச்சியில் இருக்கிறார். அதே வாக்குச் சீட்டில் கார்லோஸ் சாம்ப்ரானோவும் இருந்தார். அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். 132 வெற்றி, 91 தோல்வி, 3.66, 1,637 ஸ்ட்ரைக் அவுட் என்ற கணக்குள்ளவருக்கு ஒருவர்கூட மரியாதைக்காக ஒரு வாக்குப் போடவில்லை. புகழரங்கத்துக்கு அவர் தகுதியானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் இரண்டு பந்துகளை எவரை நோக்கி வீசினாரோ அவரோடு ஒரே பட்டியலின் இரு முனைகளில் அவர் நிற்பதைக் கண்டு எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. மேலே சொன்ன அனைத்தும் இலவசப் பக்கங்களிலேயே கிடைப்பவை. அட்டவணைகளைக் கோப்பாக மாற்றிக்கொள்ளும் வசதியும் அதிலேயே உண்டு. கைபேசியில் அகலமான அட்டவணைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் கணினியே உகந்தது. ஸ்டாட்ஹெட் என்ற பெயரில் இதே நிறுவனம் சந்தாவுக்குத் தரும் தேடல் கருவி வேறு வகையைச் சேர்ந்தது: 'ஒரே ஆட்டத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் ஹோம் ரன் கொடுத்த பிட்சர்கள் யார்?' என்று நாமே நிபந்தனைகளை அடுக்கிக் கேட்கலாம். ஒரு வீரரைப் பற்றிய ஒரு சண்டைக்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. வாரம் ஒரு புதிய சண்டை உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகும்.

நான் இவ்வளவு சொல்லியும் நண்பர் அன்றே சந்தா கட்டினார். அவர் முதலில் கேட்டதும் அந்தக் கேள்விதான். வந்த பட்டியலில் பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்டு இருந்தார். 2004 ஆகஸ்டில் டெட்ராய்டிடம் ஆறு ஹோம் ரன் கொடுத்தும் 11–9 என்று ஆட்டத்தை வென்றவர், அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே அணிக்கு வீசியவர். டெக்சஸின் ஆர்.ஏ. டிக்கியும் இருந்தார், 2006 ஏப்ரலில் ஆறு ஹோம் ரன் கொடுத்தார், உடனே கீழ்மட்ட லீகுக்கு அனுப்பப்பட்டார், டெக்சஸுக்காக மேஜர் லீகில் அதற்குப் பிறகு ஒரு பந்துகூட வீசவில்லை, 2012இல் நியூயார்க் மெட்ஸுக்காக 20 வெற்றிகளோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். மயாமியில் சாம்ப்ரானோ தன் கடைசிப் பந்துகளை வீசியதும் அதே ஆண்டில்தான். நண்பர் டிக்கியின் பக்கத்தைத் திறந்து, 2006க்கும் 2008க்கும் இடையில் மேஜர் லீக் வரிசையே இல்லாத அந்த இடைவெளியை விரலால் சுட்டிக்காட்டி, "இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்" என்றார்.